ஒன்பது வருஷம் கொட்டகையில் நின்ற 96 மகேந்திரா டீசல் பிக்கப்: இன்ஜினை மாற்றணுமா, காப்பாற்றலாமா?

#1 தாளவாடி ரோடு

எல்லோருக்கும் வணக்கம். கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுடைய வண்டி மகேந்திரா பிக்கப், 1996 மாடல், டிஐ இன்ஜின் (டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகை). தாளவாடியில் முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு, திம்பம் இறங்கி, சத்தி வழியாக மார்க்கெட்டுக்குப் பத்தொன்பது வருஷம் ஓடியது. 2015-ல் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த பிறகு தோப்புக் கொட்டகையில் நிறுத்தினோம். அதோடு சரி.

நிறுத்துவதற்கு முந்தைய வருஷமே தொல்லை ஆரம்பித்துவிட்டது. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது, ஒரே சீராக நிற்காது. மூச்சு வாங்குகிற மாதிரி சத்தம் ஏறி ஏறி இறங்கும். மேடு ஏறினால் பின்னால் வருகிறவனுக்குச் சாலை தெரியாத அளவு கரும்புகை. அப்போது பார்த்த மெக்கானிக் போர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்து போய்விட்டது, இன்ஜினையே மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

இப்போது நான் ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன். வண்டியை ஓடவைக்கணும். ஷோவுக்கு நிறுத்த இல்லை, தேங்காய் ஏற்றத்தான். சேஸிஸைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், எல்லா இடத்திலும் கணீரென்று கேட்கிறது. பின்பக்கத் தொட்டியின் தரைத்தகடு மட்டும் அரித்துப் போயிருக்கிறது. இன்ஜினை அணைக்க இழுக்கும் ஸ்டாப் கேபிள் துருப்பிடித்து இழுக்க வரவில்லை. சீட்டைத் தூக்கினால் எலிக்கூடு, இரண்டு டயர் லீவர், அப்புறம் ஒரு மாமரப் பலகைத் துண்டு. பலகையின் ஒரு பக்கத்தில் கறுப்பாக, வட்டமாக ஒரு தடம். எதற்கென்று அப்பாவிடம் கேட்டால், "அது வண்டியிலேயே இருக்கட்டும்" என்கிறார்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? இன்ஜினை மாற்றித்தான் ஆகணுமா?

#2 புதுப்பேட்டை உதிரி

நான் பழைய ஸ்பேர் தொழிலில் இருப்பவன். மனதில் பட்டதைச் சொல்கிறேன். போர், பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங், ஹெட் வேலை, டீசல் பம்பு, நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் முனை) என்று எல்லாம் சேர்த்தால், ஓடுகிற நிலையில் கழற்றிய ஒரு டிஐ இன்ஜின் விலையைத் தாண்டிவிடும். அந்த இன்ஜின் இன்னும் கிடைக்கிறது. இறக்கி ஏற்ற இரண்டு நாள் போதும்.

ஒன்றே ஒன்று. பில் இல்லாத இன்ஜினைத் தொடாதீர்கள். ஆர்டிஓ ஆபீஸில் எழுதிக்கொடுத்து, புது இன்ஜின் நம்பரை ஆர்சியில் ஏற்றணும். அது ஏறாவிட்டால் எஃப்சிக்கு (வண்டித் தகுதிச் சான்றிதழுக்கு) போகும்போது நம்பர் பொருந்தாமல் வண்டி அங்கேயே நின்றுவிடும்.

#3 கரூர் லேத்து

தம்பி, மாற்றுகிறீர்களோ இல்லையோ, முதலில் ஒரு காரியம் செய்யாமல் இருங்கள். புது பேட்டரி வாங்கிவந்து செல்ஃப் அடித்துவிடாதீர்கள். ஒன்பது வருஷம் ஒரே இடத்தில் நின்ற பிஸ்டன் ரிங் லைனரோடு (சிலிண்டரின் உள்குழாயோடு) ஒட்டியிருக்கும். செல்ஃப் மோட்டார் பலத்துக்குத் திருப்பினால் ரிங் ஒடியும், இல்லை லைனரில் கோடு விழும். நல்ல இன்ஜின் கெடுவது அந்த ஒரு நிமிஷத்தில்தான்.

நாலு நாசிலையும் கழற்றுங்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் பாதி டீசல், பாதி கியர் ஆயில் கலந்து ஒரு சின்ன டம்ளர் அளவு ஊற்றித் துணியால் அடைத்து வையுங்கள். இரண்டு மூன்று நாள் போகட்டும். அப்புறம் கிராங்க் புல்லி நட்டில் சாக்கெட் போட்டுக் கையால் முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். வரவில்லை என்றால் மறுபடி ஊற வையுங்கள். பைப் சொருகி எம்பக் கூடாது. சுற்ற ஆரம்பித்ததும் நாசில் இல்லாமலே நாலைந்து சுற்று சுற்றி, ஊற்றியதெல்லாம் வெளியே வரட்டும். பழைய ஆயிலை இறக்கிப் புது ஆயில் ஊற்றிய பிறகுதான் செல்ஃப்.

இன்னொன்று கேட்கணும். கரும்புகை என்கிறீர்கள். போர் போன வண்டி நீலப்புகை விடும், ஆயில் குடிக்கும். அப்பாவிடம் கேளுங்கள், கடைசி வருஷம் எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினார்?

#4 தாளவாடி ரோடு

அண்ணா சொன்னபடியே செய்தேன். முதல் நாள் அசையவே இல்லை. மறுநாளும் அப்படியேதான். மூன்றாம் நாள் காலையில் சாக்கெட்டில் கை வைத்ததும் "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம், ஒரு விரற்கடை நகர்ந்தது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் முழுச் சுற்றும் சுற்றியது. ஊற்றியது மூன்றாவது சிலிண்டரிலிருந்து மட்டும் துருக்கலரில் வந்தது, மற்றவை சுத்தம்.

டீசல் டேங்கை இறக்கினேன். அடியில் நாலு விரல் உயரத்துக்குக் கறுப்புக் களி, மேலே தண்ணீர். டேங்குக்குள் ஒரு கைப்பிடி பொடிக்கல்லைப் போட்டு, டீசல் ஊற்றிக் குலுக்கிக் குலுக்கி ஆறு தடவை கழுவினேன். ஃபில்டர் இரண்டும் புதிது. ரப்பர் ஹோஸ் எல்லாம் விரலால் அழுத்தினாலே வெடிக்கிறது, அதையும் மாற்றிவிட்டேன்.

ஆயில் கணக்கைக் கேட்டதற்கு அப்பா சொன்ன பதில்: ஒரு ஆயில் மாற்றலுக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை லிட்டருக்கு மேல் ஊற்றியதே இல்லையாம்.

#5 பம்பு ரூம்

முப்பது வருஷமாக டீசல் பம்பு வேலைதான் செய்கிறேன். இழையைப் படித்தேன். ஆயில் குடிக்கவில்லை, ஆனால் கரும்புகை, ஐடிலில் ஏற்ற இறக்கம். எனக்கு இது போர் மாதிரியே தெரியவில்லை.

ஒன்று பாருங்கள். டிஐ வண்டி எல்லாவற்றிலும் ஒரே பம்பு வராது. வேகத்துக்குத் தக்கபடி டீசல் அளவை மாற்றும் கவர்னர் என்ற பகுதி பம்புக்குப் பம்பு வேறுபடும். ஆக்சிலரேட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டே போங்கள். அது நேராகப் பம்புக்குப் போனால் மெக்கானிக்கல் கவர்னர். இன்டேக் வாயில் (காற்று உள்ளே போகும் வழியில்) இருக்கும் பட்டர்ஃபிளைத் தகட்டுக்குப் போய், அங்கிருந்து ஒரு மெல்லிய பைப் பம்பின் பின்மூடிக்கு வந்தால், அது வாக்குவம் கவர்னர்.

வாக்குவம் கவர்னராக இருந்தால் விஷயம் இதுதான். அந்த மூடிக்குள் தோலில் செய்த ஒரு டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) இருக்கிறது. அது பம்பின் ரேக்கோடு கோர்த்திருக்கும். டீசல் கூடுவதும் குறைவதும் ரேக் நகர்வதில்தான். ஸ்பிரிங் ரேக்கை முழு டீசல் பக்கம் தள்ளும், இன்டேக்கிலிருந்து வரும் வாக்குவம் டயாஃப்ரத்தை இழுத்து டீசலைக் குறைக்கும். இந்த இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில்தான் ஐடில் நிற்கிறது. தோல் காய்ந்து ஒரு நூல் அளவு வெடித்தாலே போதும், வாக்குவம் ஒழுகும், ஸ்பிரிங் ஜெயிக்கும். டீசல் தேவைக்கு மேல் போகும், கரும்புகை வரும், சத்தம் ஏறி இறங்கும். நீங்கள் முதல் பதிவில் எழுதியது அப்படியே இதுதான்.

கழற்றாமலே பார்க்கலாம். இன்ஜின் நின்றிருக்கும்போது வாக்குவம் பைப்பைப் பம்புப் பக்கம் கழற்றுங்கள். பம்பில் இருக்கும் ஸ்டாப் லீவரை ஸ்டாப் பக்கம் முழுக்கத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பைப் கழன்ற வாயை விரலால் இறுக அடையுங்கள். இப்போது லீவரை விடுங்கள். டயாஃப்ரம் நன்றாக இருந்தால் ரேக் கொஞ்சம் திரும்பி அங்கேயே நிற்கும். கிழிந்திருந்தால் ஒரே தள்ளாக முழு டீசலுக்குப் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. கிழிந்த டயாஃப்ரத்தோடு அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், அதுவும் ஸ்டாப் கேபிள் வேலை செய்யாத வண்டியை. ரேஸ் ஏறி, கைக்கு அடங்காமல் போகும். சாவியைத் திருப்பினால் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். அதற்காகப் பழைய டிரைவர்கள் இன்டேக் வாயை மூட ஒரு பலகை வைத்திருப்பார்கள். கையால் மூடினால் கையை இழுத்துவிடும்.

உங்கள் அப்பாவின் பலகையில் இருக்கும் வட்டத் தடத்தை இன்டேக் வாயோடு வைத்துப் பாருங்கள் தம்பி.

#6 தாளவாடி ரோடு

அண்ணா, வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்துகிறது.

பலகையை எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் நின்றேன். அப்போதுதான் முழுசாகச் சொன்னார். 2014 கடைசியில், லோடோடு திம்பம் இறங்கும்போது கியர் மாற்ற கிளட்ச் அழுத்தியதும் ரேஸ் தானாக ஏறிவிட்டதாம். ஆக்சிலரேட்டரில் கால் இல்லை. ஸ்டாப் கேபிள் வரவில்லை. பிரேக் அடித்து ஓரமாக நிறுத்தி, பானட்டைத் திறந்து, காற்று ஹோஸைப் பிடுங்கிவிட்டுப் பலகையை வைத்து அழுத்தியிருக்கிறார். அம்மா பயப்படுவாள் என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வண்டியை நிறுத்தியதற்குக் கண் ஆபரேஷன் மட்டும் காரணமில்லை என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

எங்கள் வண்டி வாக்குவம் கவர்னர்தான். விரல் வைத்துப் பார்த்தேன், லீவரை விட்டதும் ரேக் "டப்" என்று போய்விட்டது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. பம்பில் ஸ்க்ரூவுக்கு மேலே இருந்த சீல் கம்பி அறுந்திருக்கிறது. "இழுவை பத்தவில்லை" என்று ஒரு பட்டறையில் காட்டியபோது அவர்கள்தான் எதையோ திருகினார்கள் என்கிறார் அப்பா. அன்றிலிருந்துதான் புகை அதிகமானதாம்.

#7 பம்பு ரூம்

அது அதிகபட்ச டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ. இழுவை குறைந்தால் அதைத் திருகிவிடுவது சுலபமான வழி. காரணம் வேறெங்கோ இருக்கும், பில்லில் இது மட்டும் ஏறும். அதை நீங்களே திருப்பி வைக்க முயலவேண்டாம். பம்பை அப்படியே இறக்கி டெஸ்ட் பெஞ்ச் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். நாலு லைனுக்கும் கீழே நாலு கண்ணாடிக் குழாய் வைத்து, இத்தனை ஸ்ட்ரோக்குக்கு எத்தனை சிசி என்று அளந்து, நாலையும் சமமாக்கி, கடைசியில் சீல் வைத்துக் கொடுப்பார்கள். பக்கத்திலேயே நின்று பாருங்கள். குழாயில் டீசல் ஒரே உயரத்துக்கு ஏறுவதைப் பார்ப்பது தனி சந்தோஷம்.

இறக்குவதற்கு முன் டைமிங் குறியைச் சுண்ணாம்பாலோ பெயின்ட்டாலோ தெளிவாகப் போட்டுக்கொள்ளுங்கள். பம்பின் ஆயில் அளவையும் பாருங்கள். அளவு கூடி, டீசல் வாசனை அடித்தால் எலிமெண்ட் (பம்புக்குள் டீசலை அழுத்தித் தள்ளும் பாகம்) தேய்ந்து டீசல் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். அப்படியிருந்தால் எலிமெண்ட்டும் மாற்றணும்.

கடையில் மைக்கோ டயாஃப்ரம் கேட்டு, பாஷ் டப்பாவில் கொடுத்தால் மாற்றுப் பொருள் என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். 1951-ல் ஆரம்பித்த மைக்கோ கம்பெனிதான் 2008-ல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறியது.

#8 மஞ்சக்காட்டான்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கணும். என்னிடமும் 98 டிஐ ஒன்று நிற்கிறது. இரண்டு கேள்வி. இப்போது வருகிற பிஎஸ்-6 டீசலில் கந்தகம் இல்லை, பழைய பம்பு காய்ந்து தேய்ந்துவிடும் என்கிறார்களே? அப்புறம் பத்து வருஷம் ஆன டீசல் வண்டியை ஓட்டவே கூடாது என்று ஒரு வாட்ஸப் செய்தி சுற்றுகிறது. காசு போட்டுவிட்டு மாட்டிக்கொள்வோமா?

#9 பம்பு ரூம்

டீசலுக்கு நான் சொல்கிறேன். 2020 ஏப்ரல் 1-லிருந்து நாடு முழுக்க பிஎஸ்-6 டீசல்தான், கந்தகம் 10 பிபிஎம். கந்தகத்தை எடுக்கும்போது வழவழப்பும் குறையும் என்பது உண்மை. ஆனால் வழவழப்பு இவ்வளவு இருந்தே ஆகணும் என்று டீசல் தரத்திலேயே அளவு வைத்திருக்கிறார்கள், அதற்கான மருந்து கலந்துதான் பெட்ரோல் பங்க்குக்கு வருகிறது. அதனால் எலிமெண்ட் பற்றிப் பயம் வேண்டாம். என் பெஞ்சுக்கு வருவதில் நான் பார்ப்பது வேறு: பழைய டீசலில் ஊறிய ரப்பர் சீல்கள் புது டீசலில் ஒழுக ஆரம்பிக்கின்றன. பம்பு இறக்கும்போது ஓரிங், சீல் மொத்தத்தையும் மாற்றிவிட்டால் முடிந்தது. இரண்டு ஸ்ட்ரோக் ஆயில், மண்ணெண்ணெய் எதையும் கலக்காதீர்கள். மண்ணெண்ணெய்தான் பம்பைத் தின்னும்.

#10 ஓசூர் டிரைவர்

அந்தப் பத்து வருஷக் கணக்கு டெல்லி சுற்று வட்டாரத்துக்கானது. பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் போட்ட உத்தரவு. நம் ஊரில் வயசை மட்டும் வைத்து வண்டியை நிறுத்துவதில்லை. எஃப்சி பாஸாகணும், புகைச் சான்றிதழ், இன்ஷூரன்ஸ், பசுமை வரி எல்லாம் நடப்பில் இருக்கணும். ஒன்பது வருஷம் எஃப்சி இல்லாமல் நின்ற வண்டிக்கு நிலுவை என்னவென்று ஆர்டிஓ ஆபீஸில் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெயின்ட் அடித்த பிறகு கேட்டால் மனசு விட்டுப்போகும்.

#11 புதுப்பேட்டை உதிரி

பம்பு விஷயம் எனக்குத் தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மூன்றாவது சிலிண்டரில் துரு வந்ததை விடக் கூடாது. இன்ஜினைக் கீழே இறக்கியே ஆகணும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். பாதி வேலை செய்துவிட்டு, ஆறு மாசத்தில் மறுபடி இறக்கினால் கூலி இரட்டிப்பு.

#12 கரூர் லேத்து

அதைக் கேஜ் சொல்லட்டும், நாம் சொல்லவேண்டாம். ஹெட்டைத் திறந்தால்தான் போர் கேஜை உள்ளே விடமுடியும். திறக்க அவசியம் இருக்கிறதா என்பதைக் கம்ப்ரஷன் கேஜ் சொல்லிவிடும். நாசில் ஓட்டையில் மாட்டுகிற டீசல் கேஜ் வாடகைக்குக் கிடைக்கும், பெட்ரோல் கேஜைப் போட்டு உடைத்துவிடாதீர்கள். நாலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தொடவேண்டாம். ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்தால் அந்த ஓட்டையில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ்.

இந்த இன்ஜின்மேல் எனக்குத் தனி மரியாதை. போர் 88.9 மில்லி, ஸ்ட்ரோக் 101.6 மில்லி, மொத்தம் 2523 சிசி. மில்லியில் பார்த்தால் ஒட்டாத எண்ணாகத் தெரியும். அங்குலத்தில் போடுங்கள்: மூன்றரை, நாலு. இன்டர்நேஷனல் டிராக்டர் வழி வந்த இன்ஜின் அது. 1963-ல் மகேந்திராவும் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் சேர்ந்து இங்கே டிராக்டர் கம்பெனி ஆரம்பித்தார்கள், பி-275 டிராக்டர் நம் பக்கத்துக் காடுகளில் உழுதது. உழவுக்கென்று வார்த்த இரும்பு. சும்மா நின்றதாலேயே செத்துவிடாது.

#13 தாளவாடி ரோடு

மூன்று வாரமாக எழுத முடியவில்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

கம்ப்ரஷன்: 24, 25, 22, 24 கிலோ. மூன்றாவதுதான் கம்மி. ஆயில் விட்டுப் பார்த்ததும் 24 ஆனது. ஹெட்டைத் திறக்கவில்லை.

பம்பை ஈரோட்டில் பெஞ்ச் ஏற்றினேன். டயாஃப்ரத்தைக் கையில் கொடுத்தார்கள். ஓரத்தில் பிறை மாதிரி ஒரு வெடிப்பு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்தான் தெரிகிறது. வெற்றிலை காய்ந்த மாதிரி மொறுமொறுப்பு. இந்தத் துண்டுத் தோலுக்காகவா ஒன்பது வருஷம் என்று நினைத்தேன். அளந்தபோது நாலு குழாயிலும் டீசல் கண்டபடி கூடுதல், அதிலும் ஒன்று மற்றதைவிட அதிகம். எலிமெண்ட் நன்றாக இருந்தது, சீல் எல்லாம் புதிது. மறுபடி அளந்தபோது நாலும் ஒரே கோட்டில் நின்றது. பம்பு ரூம் அண்ணா சொன்ன அந்தச் சந்தோஷத்தை நானும் பார்த்துவிட்டேன்.

நாசில் நாலையும் அழுத்தம் பார்த்ததில் இரண்டு சொட்டியது, மாற்றினோம். ஏர் கிளீனர் ஆயில் கிண்ணத்தில் குறிக்கு மேல் இரண்டு விரல் ஆயில் இருந்தது. யாரோ நல்ல எண்ணத்தில் நிறைய ஊற்றியிருக்கிறார்கள். குறி வரைக்கும் மட்டும் ஊற்றினேன். ஸ்டாப் கேபிள் புதிது.

போன ஞாயிறு ஸ்டார்ட். கை பம்பை அடித்து டீசல் பைப்பில் இருந்த ஏரை எடுத்தோம். ஃபில்டர் ஸ்க்ரூவில் நுரை வந்து, வந்து, கடைசியில் சுத்த டீசல் வந்தது. நான் சாவியில். தம்பி ஸ்டாப் கேபிளில். அப்பா கேட்காமலே வந்து, பானட் பக்கம் அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாவது செல்ஃபில் பிடித்தது. முதலில் வெள்ளைப்புகை, ஒரு நிமிஷம் போனதும் அதுவும் குறைந்தது. ஐடில் நின்றது. ஆடாமல், ஏறாமல், ஒரே தாளமாக நின்றது. அப்பா பத்து நிமிஷம் அசையாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் பலகையைச் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, சாப்பிடப் போனார்.

#14 ஓசூர் டிரைவர்

வாழ்த்துகள். ஓடுகிற வண்டி ஆகிவிட்டது, இனி நிற்கிற வண்டி ஆகணும். மாஸ்டர் சிலிண்டர், நாலு வீல் சிலிண்டர், ஹோஸ் எதையும் பழசாக விடாதீர்கள். ஒன்பது வருஷ பிரேக் ஆயில் தண்ணீரை உறிஞ்சி உள்ளேயே துரு பிடித்திருக்கும், மேட்டில் நன்றாக இருந்து இறக்கத்தில் கைவிடும். டயரில் பட்டன் (தரையில் பதியும் மேடு) எவ்வளவு இருந்தாலும் பக்கச்சுவரில் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள், 1212 என்றால் 2012-ல் பன்னிரண்டாவது வாரம். அந்த டயரோடு திம்பம் இறங்காதீர்கள்.

#15 தாளவாடி ரோடு

செய்துவிட்டேன் அண்ணா. பிரேக் முழுக்கப் புதிது, டயர் நாலும் புதிது. கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருந்தது, கியர்பாக்ஸை இறக்க வேண்டியதாயிற்று. ரேடியேட்டரில் பாதிக் குழாய் உப்புப் படிந்து அடைத்திருந்தது, மேல்தொட்டியைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்தார்கள். தொட்டித் தரையை டிங்கர் பட்டறையில் வெட்டிப் புதுத் தகடு வைத்தோம். கலர் அதே வெள்ளை. கதவில் இருந்த ஊர்ப் பெயரைப் பழைய எழுத்திலேயே எழுதச் சொன்னேன். ஆர்டிஓ நிலுவையெல்லாம் கட்டி, எஃப்சி போன வாரம் கிடைத்தது.

நேற்று காலையில் பண்ணாரியில் கும்பிட்டுவிட்டு மலை ஏறினோம். பக்கத்தில் அப்பா. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. இரண்டாம் கியரில் போய், வளைவுகளில் முதலுக்கு இறக்கி, அவசரமே படவில்லை. கண்ணாடியில் புகையைப் பார்த்துக்கொண்டே வந்தேன், லோடு இழுக்கும்போது லேசாக ஒரு சாம்பல் நிறம், அவ்வளவுதான். டெம்பரேச்சர் முள் பாதியைக் கொஞ்சம் தாண்டியது, மேலே போய்ச் சமதரை வந்ததும் இறங்கியது. திரும்பி வரும்போது ஒரு வளைவில் அப்பா "இங்கதான்" என்றார். வண்டியை ஓரமாக நிறுத்தினேன். கியரை எடுத்துவிட்டுக் கேட்டோம். ஐடில் அப்படியே நின்றது.

இப்போது மிச்சம் இரண்டு வேலை. இறக்கத்தில் மூன்றாம் கியர் வெளியே குதிக்கிறது, அப்புறம் பின்பக்க இடது ஸ்பிரிங் பட்டையில் ஷாக்கிள் புஷ் சத்தம். கியர்பாக்ஸ் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், ஃபோர்க் ஸ்பிரிங் பலவீனமா, கியரே தேய்ந்திருக்கிறதா?

#16 கரூர் லேத்து

முதலில் பாருங்கள், கியரை இடத்தில் பிடித்து வைக்கும் ஸ்பிரிங்கும் குண்டும். கியர்பாக்ஸைத் திறக்காமலே மேல்மூடியில் எடுத்துப் பார்க்கலாம். பழைய ஸ்பிரிங்கையும் புதுசையும் பக்கத்தில் வைத்து உயரத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.